அம்மாவின் உயரத்துக்கு ஒரு தாழ்ப்பாள்

பழைய குளியலறையின் சிமெண்ட் தரையை மேஸ்திரி கடப்பாரையால் நெம்பினார். அடியிலிருந்து கறுப்பாக ஏதோ பெயர்ந்து வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் சாம்பல். வருஷக்கணக்கில் ஈரம் இறங்கிக் கெட்டியாகிப்போன சாம்பல். உடைத்ததும் எழுந்த வாசனையில் எனக்குச் சட்டென்று கண் எரிந்தது. எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பு அந்த இடத்தில்தான் இருந்தது.

மூன்று கருங்கல், மேலே கரி ஏறிய தவலை. எரிக்க ஏரியில் வெட்டிய வேலிகாத்தான் முள், அது நனைந்துபோன நாளில் வேர்க்கடலைத் தோல். சுற்றிலும் தென்னங்கீற்றுத் தட்டி. மேலே வானம். தட்டியில் ஓட்டை விழுந்தால் பழைய கோணியைச் செருகிவிடுவார்கள். அதுதான் எங்கள் குளியலறை. பெண்களுக்கு மட்டும். ஆண்கள் கிணற்றடியிலோ பம்ப்செட் தொட்டியிலோ பட்டப்பகலில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருவார்கள். வீட்டுப் பெண்கள் விடியுமுன் ஒவ்வொருவராகத் தட்டிக்குள் போய் வருவார்கள். முதலில் ஆயா, அப்புறம் சித்தி, நான். அம்மா கடைசி. அவள் போகும்போது தவலையில் அடித்தண்ணீர் இருக்கும், அடுப்பில் நெருப்பு இருக்காது.

தட்டிக்குள் ஒரு கல் உண்டு. துணி துவைக்க, கால் தேய்க்க, மஞ்சள் இழைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மஞ்சள் இழைத்த மூலையில் சின்னதாகக் குழி விழுந்திருக்கும். ஆயாவின் மாமியார் காலத்துக் கல் என்பார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு வருகிற பெண்களின் காலடி, குளியல் தட்டியிலிருந்து நடை வரை மஞ்சளாகப் பதிந்திருக்கும்.

மேஸ்திரி கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு, “இதுலதான் பைப்பு போவணும் பாப்பா” என்றார். நாற்பதைத் தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான். அப்பா இந்தக் குளியலறையைக் கட்டியபோது செங்கல் சுமந்த பையன் அவர்.

இப்போது இடிப்பது அம்மாவுக்காக. போன வருஷம் அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. வாக்கரோடு நடக்கிறாள். கழிப்பறையோ பின்னால், தோட்டத்தின் கோடியில். மழைக்காலத்தில் வழுக்குகிற நடைபாதை, முடிவில் இரண்டு படி, படி ஏறினால் இந்தியன் டாய்லெட். குந்த முடியாத முழங்காலோடு அங்கே என்ன செய்வது? ராத்திரியில் யாரையும் எழுப்ப மாட்டாள். அவள் படுக்கிற அறையை ஒட்டி, முன்பு நெல் மூட்டை அடுக்கிய சிறிய அறை ஒன்று உண்டு. ஏழடிக்கு ஐந்தடி. நிலம் போனபின் நெல் ஏது? உடைந்த நாற்காலிகள்தான் கிடந்தன. அதைக் குளியலறையாக்கிவிடலாம் என்று நான் சொன்னேன்.

எங்கே கமோடு, எங்கே குழாய் என்று நான் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தேன். மேஸ்திரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “படம் நல்லாதான் கீது. ஆனா மொதல்ல டேங்க் எங்க கீது, எவ்ளோ ஆழத்துல கீதுன்னு பாக்கணும். கமோடு எங்க வைக்கலாம்னு பைப்புதான் சொல்லும்.” நாலு இஞ்ச் பைப்புக்குப் பத்தடிக்கு மூன்று இஞ்ச் வாட்டம் வேண்டும். எங்கள் அறைக்கும் டேங்குக்கும் இருபத்தைந்து அடி. ஏழரை இஞ்ச் இறக்கம். வாட்டம் குறைந்தால் தேங்கும். ரொம்பச் செங்குத்தாக வைத்தாலும் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிட்டுக் கழிவு பின்தங்கும். திரும்புகிற இடத்தில் ஒரு சேம்பர். காற்று போக, மாடிக்கு மேல் நிற்கிறபடி ஒரு பைப். டியூபில் தண்ணீர் பிடித்துச் சுவருக்குச் சுவர் மட்டம் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோடு பழைய குளியலறையின் அடியில் போனது. அதனால்தான் கடப்பாரை.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வல்லத்துக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இன்று அந்தச் சாலையில் ராத்திரி பகல் இல்லாமல் கன்டெய்னர் லாரி போகிறது. நான் படிக்கிற காலத்தில் மாலை ஆறு மணி பஸ் போய்விட்டால் அவ்வளவுதான். அந்த பஸ் போனபிறகுதான் எங்கள் வீட்டுப் பெண்கள் சொம்பை எடுப்பார்கள். விடியுமுன் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை. நடுவில் வயிறு என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது. ஏரிக்கரைக்குத் தனியாகப் போகவும் கூடாது. ஆயா முன்னால் தடியைத் தட்டிக்கொண்டு போவாள், பாம்புக்கு. பின்னால் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அத்தை. ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் பேசுவார்கள். கழிப்பறை வந்தபின் அந்தப் பேச்சே போய்விட்டது என்று வருத்தப்பட்ட ஒருவரிடம் அம்மா சொன்னாள்: “அது சந்தோசத்துக்குப் பேசுன பேச்சு இல்ல. பயத்துக்குப் பேசுனது.”

1991 மே மாதம் 21-ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஏழாம் வகுப்பு முடிந்து எனக்குக் கோடை விடுமுறை. ஊர் ஆண்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் சாலையில் போலீஸ் ஜீப் போய்க்கொண்டே இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருப்பதற்குக் காரணம் ஏரிக்கரை. இருட்டில் உட்கார்ந்திருப்போம். தூரத்தில் விளக்கு தெரியும். உடனே எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். வெளிச்சம் எங்கள் மேல் வழிந்து, கரையைத் தடவிக்கொண்டு போகும். போனதும் மறுபடி உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் இன்னொரு விளக்கு வரும். நாட்டுக்கே பெரிய துக்கம் அது. அந்தத் துக்கத்தின் ஓரத்தில் நின்று நின்று உட்கார்ந்த பெண்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்காது. அந்த வாரம் முழுக்க அம்மா ராத்திரி சோறு சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்றாள்.

சாப்பாட்டையும் தண்ணீரையும் அடக்குவதில் அம்மாவுக்கு அப்படி ஒரு பழக்கம். சித்திரைத் திருவாதிரைக்கு எங்களை ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிப்போவாள். உடையவர் பிறந்த நட்சத்திரம். ஆதிகேசவப் பெருமாள் கோயில் வீதி முழுக்க ஜனம். வெயில் மண்டையைப் பிளக்கும். தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போட்டிருப்பார்கள். எனக்கும் தம்பிக்கும் டம்ளர் டம்ளராக வாங்கிக் கொடுப்பாள். தான் ஒரு வாய் தொட மாட்டாள். விரதமோ என்று நினைப்பேன். பெரியவளாகி நானும் வெளியூர் பஸ்ஸில் போக ஆரம்பித்தபிறகு எனக்கும் தண்ணீர் குடிக்கத் தோன்றாமல் போயிற்று. நீர்க்கடுப்பு வந்து சுருண்டு படுப்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வெயில்கால வழக்கம். அதற்கு வெந்தயமும் இளநீரும் மருந்து. காரணத்தை யாரும் பேசுவதில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தது இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவரத் தொடங்கிய 1998-ல். தாம்பரத்திலிருந்து வந்திருந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளையின் அக்கா அடுக்களைக்கு வந்து அம்மாவின் காதில் ஏதோ கேட்டாள். அம்மாவின் முகம் மாறியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாகவே அடுத்த தெருவுக்குப் போனாள். அங்கே வாத்தியார் வீட்டில்தான் கழிப்பறை இருந்தது. அவர்கள் திரும்பி வருகிறவரை திண்ணையில் ஆண்கள் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடம் அமையவில்லை, அதற்கு வேறு காரணம். ஆனால் அப்பாவுக்கு அது உறுத்திவிட்டது. ஒரு கிடேரியை விற்றார். அடுத்த வாரம் ராணிப்பேட்டைப் பாரி கம்பெனி பீங்கான் ஒன்று வைக்கோலில் சுற்றி மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

எங்கே கட்டுவது என்று பெரிய பேச்சு. ஈசானிய மூலை கூடவே கூடாது, கன்னி மூலையும் ஆகாது, வாயு மூலைதான் சரி என்றார் தாத்தா. வாயு மூலை என்றால் வடமேற்கு, தோட்டத்தின் கோடி. கிணறு வடகிழக்கில். “கெணத்துக்கு அறுபது அடியாவது தள்ளி இருக்கணும், இல்லாட்டி ஊத்துல கலந்துடும்” என்று அன்றைய பெரிய மேஸ்திரி கயிறு பிடித்து அளந்தார். வெகுகாலம் கழித்து, உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்வதைப் படித்தேன். அறுபது அடி என்பதும் அதுதான். படிக்காத அந்த மனிதருக்குத் தண்ணீர் மண்ணுக்குள் எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தது.

அப்பா ஆறடி ஆள். கதவின் உயரத்தைக் கையைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்தார். கதவு வந்தது, தாழ்ப்பாளும் வந்தது. அவர் தலைக்கு மேலே ஒரு கையகலம், எட்டினால் வசதியாகத் தள்ளுகிற இடத்தில் அடிக்கச் சொன்னார். அம்மா ஐந்தடிக்குக் குறைவு. நுனிக்காலில் நின்றாலும் எட்டாது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் முழ நீளத்துக்கு ஒரு கொம்பு வந்தது. அந்தக் கொம்பால் தாழ்ப்பாளை மேலே தள்ளிவிட்டு, அதைச் சுவரில் சாய்த்து வைப்பாள். தாழ்ப்பாளின் காதில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டியிருந்தாள், கீழே இழுக்க. அப்பா இருந்தவரை அந்தக் கொம்பு எதற்கென்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் அன்பில்லாதவர் இல்லை. கிடேரியை விற்றவர். தன் கைக்கு எட்டுவது வீட்டில் எல்லோருக்கும் எட்டும் என்று நினைத்தவர்.

அதற்குப்பின் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. சிப்காட்டுக்கு நிலம் போயிற்று. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான் வந்தது, 2012-ல் டைம்லர் லாரி தொழிற்சாலை. கூரை போய் மாடி வீடு வந்தது. முன்பக்கம் தம்பி வரிசையாக ஆறு அறை கட்டி வாடகைக்கு விட்டான். ஊராட்சியில் மகளிர் சுகாதார வளாகம் கட்டினார்கள், மோட்டார் எரிந்தபின் அது பூட்டிக் கிடந்தது. தூய்மை இந்தியா திட்டத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்தபோது ஊரில் பாதிப்பேர் கட்டிக்கொண்டார்கள். இந்த மாற்றங்களில் எனக்கு மறக்காதது சித்தி பெண் சொன்ன ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் அவள் முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று எல்லோரும் கேட்கிறோம். அவள் சொன்னாள்: “பாத்ரூம்ல லைட் அணைக்கவே மாட்டாங்களாம் பெரியம்மா. எப்ப வேணா போலாமாம்.” அம்மா அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். 2014-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது சித்தி பெண் அழுததில் சம்பளத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்த வெளிச்சத்துக்கும் கொஞ்சம் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறு வருஷம் வெள்ளம். 2015 டிசம்பர். செம்பரம்பாக்கத்தைப் பற்றித்தான் உலகம் பேசியது. எங்கள் பக்கத்துச் சின்ன ஏரிகளும் ஒன்றை ஒன்று நிரப்பிக்கொண்டு அடையாற்றை நோக்கித்தான் ஓடின. எங்கள் தோட்டத்தில் முழங்காலுக்குத் தண்ணீர். டேங்க் நிரம்பி, கழிப்பறைப் பீங்கானுக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. அத்தனை வருஷம் கழித்து, பெண்கள் மறுபடி இருட்டுவதற்குக் காத்திருந்தோம். ஏரிக்கரையும் தண்ணீருக்குள். மாடிப்படிக்கு அடியில் ஒரு வாளியும் சாம்பலும் வைத்துச் சமாளித்தோம். எப்படிச் சமாளித்தோம் என்பதை இன்னும் முழுசாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதனால் மேஸ்திரியிடம் நான் முதலில் சொன்னது, டேங்குக்குப் போகிற பைப்பில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு வேண்டும் என்று. இரண்டாவது, டேங்கின் மூடி. பழைய டேங்க் மேல் யாரோ துவைக்கிற மேடை கட்டிவிட்டார்கள். சுத்தம் செய்ய வேண்டுமானால் மேடையை உடைக்க வேண்டும், இல்லை ஓரத்துச் சந்தில் ஆள் நுழைய வேண்டும். ஆள் நுழைகிற பேச்சே கூடாது. டேங்குக்குள் தேங்குகிற வாயு, குனிந்த மாத்திரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். உரிய பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அப்படியும் தமிழ்நாட்டில் சாவு நின்றபாடில்லை. விழுந்தவரைத் தூக்கப் போனவரும் அங்கேயே போன கதைகள் எங்கள் வட்டாரத்திலும் உண்டு. குளியலறைக்குப் படம் போடுகிறவர்கள் டைல்ஸ் நிறத்தோடு நின்றுவிடக் கூடாது. கழிவு லாரி எங்கே வந்து நிற்கும், அதன் குழாய் எந்த வழியாக மூடி வரை போகும் என்பதையும் வரைய வேண்டும். மேஸ்திரி பேசாமல் கேட்டுவிட்டு, துவைக்கிற மேடையின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

அப்புறம் பூஜை அறை. நெல் அறைக்கும் பூஜை அறைக்கும் பொதுச்சுவர். தம்பிக்கு மனசே ஒப்பவில்லை. “சாமி படம் மாட்டுன செவுத்துக்கு அந்தாண்ட கக்கூஸா அக்கா?” என்றான். கோபமில்லை, பயந்துதான் கேட்டான். அவன் பயத்தை நான் மதிக்கிறேன். கமோடை எதிர்ச்சுவருக்கு மாற்றலாமா என்று பார்த்தோம், வாட்டம் இடம் கொடுக்கவில்லை. மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. முடித்துவைத்தது அம்மா. ஒரு காலையில் வாக்கரை நகர்த்திக்கொண்டு பூஜை அறைக்குப் போனாள். ஒவ்வொரு படமாகக் கழற்றித் தம்பி மனைவியிடம் கொடுத்தாள். “கூடத்துல கெழக்குப் பக்கம் மாட்டு. பெருமாளுக்கு எங்க இருந்தாலும் கண்ணு தெரியும். எனக்குத்தான் ராத்திரியில தெரியல.”

மாடிக்குப் போய், ஏழுக்கு ஐந்து அடிக்கு உண்மையான அளவிலேயே சாக்பீஸால் அறையை வரைந்தோம். இது என் யோசனை. காகிதத்தில் இரண்டு அங்குலம் தெரிகிற சந்து, உடம்போடு போய் நின்றால்தான் சந்தா வழியா என்று புரியும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர் என்கிறது. எங்கள் அறையில் அதற்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு வாக்கர் இல்லாத உடம்புக்கு. நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தால், திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். வட்டத்தைப் போட்டதும் வாஷ் பேசின் அதற்குள் விழுந்தது. பேசினை அறைக்கு வெளியே தள்ளினோம். கதவு இரண்டரை அடியிலிருந்து மூன்றடி ஆயிற்று. வாசற்படி மேடு கிடையாது, தண்ணீர் வெளியே வராமல் இருக்க உள்ளே மூலையிலுள்ள நஹானி டிராப்பை நோக்கி வாட்டம் மட்டும். காற்றுக்கு நாலு சதுர அடி ஜன்னல். அடுப்புக்குப் பதில் கீசர், ஷாக் அடித்தால் கரண்டை உடனே துண்டிக்கிற கருவியோடு.

அம்மாவை மாடிக்குக் கூட்டிவர முடியாதே. அதே கோடுகளைக் கூடத்திலும் போட்டோம். வாக்கரோடு கோட்டுக்குள் வந்து நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். “இன்னாத்துக்குடி இம்மாம் பெரிசு? ஊரே குளிக்கலாம் போல கீதே” என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கமோடு இடத்தில் போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவள் எழுந்திருக்க வலது கையை நீட்டினாள். கை போன இடத்தில் மேஸ்திரி சுவரில் குறி வைத்தார், கைப்பிடிக் கம்பிக்கு. குளிக்க உட்காருகிற திண்டுக்கு அவள் முழங்கால் மடிகிற உயரத்தை அளந்தார், பதினேழு இஞ்ச். குழாய் எங்கே, சொம்பு எங்கே, துண்டு எங்கே? ஒவ்வொன்றுக்கும் அவள் கையை நீட்ட, அவர் குறித்துக்கொண்டார். எழுபது வயதில் முதல்முறையாக ஒரு அறையை அவள் கைகளால் அளந்தோம். பாதியில் அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. போதும் போதும் என்றாள். போதாது என்று நான் உட்காரவைத்தேன்.

மஞ்சள் இழைத்த கல் வேண்டும் என்றாள். தரையில் போட்டால் கால் தடுக்கும். திண்டின் ஓரத்தில், கைக்கு எட்டுகிறபடி பதித்துத் தருவதாக மேஸ்திரி சொன்னார். டைல்ஸ் விஷயத்தில் தம்பி ஓட்டல் மாதிரி பளபளப்பாகக் கேட்டான். ஈரக்காலுக்குச் சொரசொரப்புத்தான் வேண்டும் என்று நான் விடவில்லை.

பெரிய சண்டை தாழ்ப்பாளில்தான். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். உள்தாழ்ப்பாளும் வேண்டாம் என்று பிசியோதெரபிக்கு வருகிற பெண் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவள் குரலே மாறிப்போயிற்று.

“தாப்பா இல்லாம நான் போ மாட்டேன். எங்க காலத்துல கதவே இல்ல. அப்புறம் கதவு வந்துது, தாப்பா எட்டல. இப்ப எட்டற மாதிரி வைக்க ஆள் வந்தப்போ தாப்பாவே வேணாம்ன்றீங்களே.”

யாரும் பேசவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கொம்பு அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். அவனே அன்று மாலை ஸ்ரீபெரும்புதூர் போய், கடை கடையாக ஏறி ஒரு பூட்டு வாங்கி வந்தான். உள்ளே திருகினால் பூட்டும். அவசரமென்றால் வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தைத் துளையில் வைத்துத் திருப்பித் திறக்கலாம். அம்மாவின் இடுப்புயரத்தில் வைக்கலாம் என்று குறித்தார்கள். அவள் திருகிப் பார்த்தாள், திறந்தாள், மறுபடி திருகினாள். நாணயம் யாரிடம் இருக்கும் என்று கேட்டாள். உனக்கு மட்டும்தான் கொடுப்பேன் என்று என்னிடம் சொன்னாள்.

வேலை ஆரம்பித்தபின் இன்னொன்று நடந்தது. முன்பக்க ஆறு அறைகளில் குடியிருப்பவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள். தருமபுரி, ராமநாதபுரம், ஒன்றிரண்டு பேர் ஒடிசா. வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்குகிற விடுதியைக் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. அதிலும் இடம் கிடைக்காதவர்கள், தனியாக இருக்க விரும்புகிறவர்கள் எங்கள் மாதிரி வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஆறு அறைக்கும் ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஐந்து மணிக்கு வந்துவிடும். நாலு மணிக்கே வாளியோடு வரிசை நிற்கும். வேலைக்காகப் படுக்கை வாசல் பக்கம் மாறியிருந்த அந்த நாட்களில்தான் அம்மா இதைப் பார்த்திருக்கிறாள்.

ஒருநாள் விடிகாலையில் என்னை எழுப்பினாள். “அந்தப் பொண்ணுங்க எந்நேரமா நிக்குதுங்க தெரியுமா? ஒண்ணு வயித்தப் புடிச்சிக்கினு நிக்குது.” நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “எனக்கு ஒருத்திக்கு இம்மாம் பெரிசு. அதுங்க பன்னெண்டு பேருக்கு ஒண்ணா?” என்றாள்.

தம்பி கணக்குப் போட்டான். இன்னும் இரண்டு கழிப்பறை, ஒரு குளியலறை வைக்க வேண்டுமானால் கடைசி அறையை எடுத்துவிட வேண்டும். மாதம் 4,500 ரூபாய் வாடகை போகும். டேங்கும் பெரிதாக வேண்டும். அவனுக்கும் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டு நாள் யோசித்தான். பிறகு அவனே மேஸ்திரியை முன்பக்கம் கூட்டிக்கொண்டு போய் டேப்பை நீட்டினான்.

இந்தத் தடவை அந்தப் பிள்ளைகளையே கேட்டோம். முதலில் சிரித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தருமபுரிப் பெண் ஆரம்பித்தாள். வாளி வைக்க ஒரு மேடை வேண்டும், தரையில் வைத்தால் மற்றவர் தண்ணீர் தெறிக்கிறது. யூனிபார்ம் நனையாமல் மாட்ட உயரத்தில் கொக்கி. உள்ளே மூடி போட்ட குப்பைக்கூடை, நாப்கினைக் கையில் சுருட்டிக்கொண்டு தெருமுனை வரை போக வேண்டியிருக்கிறது. சுவிட்ச் உள்ளேயும் ஒன்று, வெளியிலிருந்து யாராவது தெரியாமல் அணைத்துவிடுகிறார்கள். ஒடிசாப் பெண் பேசாமல் இருந்தாள். கேட்டதற்குக் கதவைக் காட்டி, அடிப்பக்கம் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது, அதை அடைத்துவிடுங்கள் என்று கையால் சொன்னாள். மேஸ்திரி எல்லாவற்றையும் சுவரிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டார்.

பொங்கலுக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போகிற நாலு நாளில் பழையதை இடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஒடிசாப் பிள்ளைகள் பொங்கலுக்குப் போக மாட்டார்கள். அந்த நாலு நாளும் அவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து போகட்டும், என் பாத்ரூமையே உபயோகிக்கட்டும் என்கிறாள் அம்மா. அதற்குள் அவளுடையது முடிய வேண்டும். டைல்ஸ் ஒட்டுகிற ராஜஸ்தான் பையன் வியாழக்கிழமை வருகிறான்.